விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவருக்கு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மாண்பே! மடிப்பு மேசையின் மணிவிளக்கே! வெள்ளை விரிப்புகளின் விளிம்பறிந்த வித்தகமே! சொல்லைச் சுருக்கித் துணியின் சுருக்கத்தை நீக்கிய தூயவரே! பணி நிறைவு பெற்று இன்று எங்கள் நடுவே பூமாலையுடன் கூச்சப்பட்டு அமர்ந்திருக்கும் எங்கள் அன்புக்குரிய அக்காவே! வணக்கம்.

அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். இந்த மடலை எழுதியவர் கொதிகலன் அறைக்காரர். அவர் ஒரு முழுப் பக்கத்துக்கு அடைமொழிகள் வைத்திருந்தார். "காருண்யக் கடலே" என்று தொடங்கினால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள் என்று பயந்து மீதியை நாங்கள் வெட்டிவிட்டோம். மனிதருக்கு வருத்தம்தான். முழு மடலையும் தம் போக்கில் எழுத விடவேண்டும் என்ற நிபந்தனையில் சமாதானமானார். ஆகவே நடுநடுவே கொஞ்சம் ஆவி அடித்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

வாலிபத்தில் இந்த வாசலுக்குள் வந்து, நரை விழுந்த பின்னும் நேரம் தவறாமல் நின்றவர் நீங்கள். நோயாளி படுத்தெழுந்த விரிப்பும், மருத்துவர் கழற்றிய அங்கியும், பிறந்த குழந்தையைப் பொதிந்த துணியும் உங்கள் கைபடாமல் இந்தக் கட்டடத்தில் நடமாடியதில்லை. தாமதம் அறியாதவர், தளர்ச்சி காட்டாதவர், தற்பெருமை பேசாதவர். மதிய ஜெப நேரத்தில் துணி அடுக்கும் அறையில் கூடி நிற்கும் எங்களில், கண்ணை மூடியபடியே யார் வரவில்லை என்று கண்டுபிடிக்கும் ஆற்றல் பெற்றவர். முகத்தில் ஒரு மடிப்புக்கூட விழாத அந்த இறுக்கத்துக்காக, உங்களுக்கு 'இஸ்திரியக்கா' என்று நாங்கள் பெயர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் எந்தப் பாராட்டு மடலிலும் எழுதிவிடலாம். பெயரை மட்டும் மாற்றினால் கணக்குப் பிரிவில் ஓய்வு பெறுபவருக்கும் பொருந்திவிடும். உங்களுக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நாங்கள் ரேடியோவைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும்.

ரேடியோ என்பது எங்கள் சக ஊழியர். இந்த மண்டபத்தின் மூன்றாவது வரிசையில், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வாய் ஓயாதவர் என்பதால் வந்த பெயர். மடலில் அவரை 'அவர்' என்று எழுதியதைப் பார்த்து, "என்னங்க, யாரோ மூணாவது மனுஷி மாதிரி இருக்கு, அவள்னே எழுதுங்க" என்று அவரே உத்தரவிட்டதால், இனி அவள் என்றே எழுதுகிறோம். அவள் மனத்துக்குள் ஓடியதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். எந்த ரேடியோ எதை உள்ளே வைத்துக்கொண்டது?

அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது தோழிகளைத் தேடிப்பிடிக்க வேண்டிய சிரமமே அவளுக்கு இருக்கவில்லை. உலர்த்தும் இயந்திரங்களின் பக்கம் அப்போது ஒரு கூட்டம் இருந்தது. இவள் வாயைத் திறந்தால் அவர்கள் சிரிப்பார்கள். இவள் யாரையாவது நடித்துக் காட்டினால் கைதட்டுவார்கள். உங்களை நடித்துக் காட்டியதுதான் அதிகக் கைதட்டல் வாங்கியது என்பதையும் இந்த நல்ல நாளில் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கைதட்டலில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி நம்மைக் கொண்டாடுகிறவர்கள்தானே நம்மவர்கள் என்று நம்பினாள்.

அந்த நம்பிக்கையில்தான் ஒருநாள் அவர்களிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னாள். கணவர் வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தவள், அவர் உண்மையில் குடியை நிறுத்துவதற்கான மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்திருக்கிறார் என்று சொல்லி அழுதாள். கூட்டம் அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னது. அன்று மாலை வேலை முடிந்து போகும்போது, வாசல் காவலாளி அவளைப் பார்த்து, "வீட்டுக்காரர் இப்போ எப்படிம்மா இருக்கார், நடுக்கமெல்லாம் நின்னுடுச்சா?" என்று பரிவோடு கேட்டார்.

பேருந்தில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதாள்.

அந்த வார இறுதியில் கணவரைப் பார்க்கப் போனவளிடம் அவர் சொன்னார்: "உன் சலவைக்கூடத்துல ஒரு அம்மா இருக்காங்களே, சிரிக்கவே மாட்டாங்களே, அவங்க சபைக்காரங்களோட மாசக்கணக்கா இங்க வர்றாங்க. என் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணிட்டுப் போவாங்க. போனவாட்டி எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கூட கொண்டுவந்தாங்க. உனக்குச் சொல்லலையா?"

நீங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை. அவள் உங்களை நடித்துக் காட்டிய நாட்களிலும், கணவர் வெளியூரில் இருக்கிறார் என்று உங்கள் எதிரிலேயே கதை அளந்த நாட்களிலும், நீங்கள் விரிப்பை மடித்துக்கொண்டு வாயையும் மூடிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் காலை அவள் நேராக உங்கள் மேசைக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் வேலை செய்வதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"எல்லாம் தெரிஞ்சும் என்கிட்ட கூட ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"அது உன் கதை. நீயா சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பதை, இந்தக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனையாய் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்து, நடந்து வந்து, கையோடு கை சேர்த்துத் திரும்பிப் போக வேண்டும். ஒருவர் அதிகமாக இழுத்தால் மற்றவர் தடுமாறுவார். ஒருவர் தளர விட்டால் துணி தரையைத் தொடும், மறுபடி கழுவ வேண்டும். அப்படி எதிரே நிற்பவரை நாங்கள் 'எதிர்க்கை' என்போம். இன்னார்க்கு இன்னார் என்று மேற்பார்வையாளர் எங்களுக்கு எழுதித்தருவதில்லை. அவரவர் எதிர்க்கையை அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும். தேர்ந்தபின் லேசில் யாரும் மாற்றுவதில்லை. கல்யாணத்தைக்கூட இங்கே சிலர் இவ்வளவு யோசித்துச் செய்ததில்லை.

உங்களுக்கு அப்போது எதிர்க்கை இல்லை. இருந்தவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. கிடைத்தவரோடு மடித்துக்கொண்டிருந்தீர்கள். ரேடியோ அன்று வேறொன்றும் பேசாமல், உங்கள் மேசையில் கிடந்த விரிப்பின் மறுமுனையைக் கையில் எடுத்தாள். கைதட்டுகிறவர்களை விட்டு, வாயை மூடிக்கொள்கிறவரைத் தேர்ந்தாள். அவள் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளில் இது முதலாவது என்று அவள் கணவரே சொல்கிறார். தம்மைக் கட்டிக்கொண்டது எத்தனையாவது இடம் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு ஒருமுறை ஜெபம் முடிந்து கலைகிறபோது நீங்கள் எங்களிடம் முணுமுணுத்தீர்கள்: "எனக்கு ஒரு நல்ல தோழியைக் கொடுங்கன்னு ஆண்டவர்கிட்ட ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தேன். அமைதியான தோழின்னு சேர்த்துச் சொல்ல மறந்துட்டேன்." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று உங்கள் முகத்தில் ஒரு சின்ன மடிப்பு விழுந்ததைக் கொதிகலன் அறைக்காரர் பார்த்ததாகச் சாதிக்கிறார்.

நல்ல தோழியைத் தேர்ந்துவிட்டாள், இனி என்ன என்றுதான் நாங்களும் நினைத்தோம். தோழமை எவ்வளவு காரமான மருந்து என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் வேலை நடுவே மின்சாரம் போய் வந்தது. கொதிநீரில் கழுவிக்கொண்டிருந்த இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. அப்படி நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. ரேடியோவின் பொறுப்பில் இருந்த இயந்திரம் அது. ஏற்கெனவே வேலை தேங்கிக் கிடந்தது. அவள் கொதிநீரைத் தாண்டி, நேரே அலசும் பொத்தானை அழுத்திவிட்டாள். துணி வெள்ளையாகத்தான் வந்தது, வாசனையாகத்தான் இருந்தது. உலர்ந்து, மடிந்து, பிறந்த குழந்தைகளின் வார்டுக்குத் தள்ளுவண்டியில் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத கிருமி செத்ததா இல்லையா என்று வெள்ளைத்துணி சொல்லாது.

பிற்பகல் உங்களோடு மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் இதை ஒரு சாமர்த்தியமாகவே சொன்னாள். நீங்கள் பிடித்திருந்த முனை கீழே விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் உங்கள் கையிலிருந்து விரிப்பு விழுந்து நாங்கள் பார்த்ததில்லை.

"எந்த வார்டுக்குப் போச்சு?"

"குழந்தைங்க வார்டுக்கா. ஒண்ணும் ஆகாதுக்கா, எவ்வளவு சோப்பு போட்டேன் தெரியுமா?"

"வா. சார்கிட்ட போய்ச் சொல்லு."

"சொன்னா வேலை போயிடும்க்கா! இப்பதான் அவர் வீட்டுக்கு வந்திருக்கார், இப்பதான் கொஞ்சம் மூச்சு விடறேன். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்க என் சிநேகிதிதானே?"

"அதனாலதான் சொல்றேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நீயே சொன்னாதான் உனக்கு நல்லது. நான் கூட வர்றேன்."

உலர்த்தும் இயந்திரத்துப் பக்கத்துக் கூட்டம் அவளுக்குக் கண்ஜாடை காட்டியது. பேசாமல் இரு, நாங்கள் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று அதற்குப் பொருள். ஊருக்கே அவள் வீட்டுக் கதையைச் சொன்னவர்கள் இதை மட்டும் காப்பாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். ரேடியோ இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு உங்கள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கால் உங்கள் பின்னால்தான் நடந்தது.

வார்டில் அந்த விரிப்புகள் இன்னும் அலமாரியில்தான் இருந்தன. ஒன்றையும் விரித்திருக்கவில்லை. நீங்கள் இருவரும் வண்டியைத் திரும்பத் தள்ளிவந்து எல்லாவற்றையும் மறுபடி கொதிநீரில் போட்டீர்கள். அவள் வேலை தப்பியது. ஆனால் தண்டனையாக அவளைச் சுவருக்கு அந்தப் பக்கம், அழுக்குத்துணி பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அந்த இடத்தைப் பற்றி விழா மேடையில் விவரிக்க வேண்டாம். உள்ளே போய் வந்தவர்களுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் உத்தரவைச் சொன்னதும் நீங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

"சார், என்னையும் அங்க போடுங்க. நான் இவளோட எதிர்க்கை."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லையேம்மா. நீங்க எதுக்கு அழுக்குப் பக்கம் போகணும்?"

"தப்புப் பண்ணாத ஒருத்தர் எனக்காக அழுக்குப் பக்கம் வந்திருக்கார் சார். அவர் பேரைச் சொல்லிட்டுத்தான் தினமும் இங்க ஜெபம் பண்றோம்."

மேற்பார்வையாளர் உத்தரவில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதினார். தம் சீடரை ஊழியர் என்னாமல் நண்பர் என்று அழைத்த ஆண்டவரைப் பற்றி நாங்கள் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டுச் சுகமாக வீட்டுக்குப் போயிருக்கிறோம். அன்று கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து நீங்கள் உள்ளே போனபோதுதான், அது எங்களுக்கு உறைத்தது. அதற்காக இன்று இந்தச் சபை நடுவே உங்களுக்கு நன்றி சொல்கிறோம். இதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ரேடியோ மட்டும் அன்று நன்றி சொல்லும் நிலையில் இல்லை. அழுக்குப் பக்கம் போனபிறகும் அவள் உங்களோடு பேசவில்லை. ரேடியோ நின்றுபோன அந்த நாட்களில் சலவைக்கூடத்தில் இயந்திர இரைச்சல் எவ்வளவு என்று முதன்முதலாகக் கேட்டோம். உங்களுக்கே தாங்கவில்லை. அவள் வாயைத் திறக்க வைக்க, வாழ்நாளில் முதல்முறையாக நீங்கள் ஒரு நகைச்சுவை சொல்ல முயன்றீர்கள். ஒருவன் டாக்டரிடம் போனான் என்று தொடங்கி, அவன் டாக்டரைச் சந்தித்து, மருந்துச்சீட்டு வாங்கி, படி இறங்கும் வரை சொல்லிவிட்டு நின்றீர்கள்.

"அப்புறம்?" என்றாள் அவள், தன்னை மறந்து.

"அப்புறம் என்னமோ வரும். மறந்துட்டேன். ரொம்பச் சிரிப்பா இருக்கும்."

அவள் அழுக்கு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. கேட்டதும் நாங்களும் ஏனென்று தெரியாமலே சிரித்தோம்.

இதோடு முடித்து வாழ்த்திவிடலாம் என்றுதான் விழாக் குழுவில் பாதிப்பேர் சொன்னார்கள். அண்மையில் நடந்ததை எழுத வேண்டாம், அக்காவுக்குச் சங்கடமாக இருக்கும் என்றார்கள். உங்களிடமே கேட்டோம். "எழுதுங்க. எழுதலைன்னா மடல் பொய்யாயிடும்" என்றீர்கள். ஆகவே எழுதுகிறோம்.

தண்டனை முடிந்து நீங்கள் இருவரும் மடிப்பு மேசைக்குத் திரும்பி வெகுகாலம் ஆகியிருந்தது. ஓய்வு வயது நெருங்கிய உங்களுக்குப் பணி நீட்டிப்பு தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. மணம் செய்யாதவர், உடன்பிறந்தார் தொலைவில், வீட்டில் தனியாள். உங்களுக்கு இந்த வேலை சம்பளம் மட்டுமாக இருந்ததில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நீட்டிப்பு வந்த செய்தியைக் கேட்டு நீங்கள் அன்று பாடகர் குழுவில் பாடுகிற அதே சுருதியில், அதாவது எந்தச் சுருதியிலும் சேராமல், ஒரு பாட்டை முணுமுணுத்தீர்கள்.

அந்த நாட்களில்தான் ரேடியோ அதைக் கவனித்தாள். சூடான உருளைகளுக்கிடையே விரிப்பைக் கொடுத்து எடுக்கும் இஸ்திரி இயந்திரத்தில் நீங்கள் நின்றிருந்தீர்கள். உங்கள் விரல் உருளையின் ஓரத்தில் பட்டது. தோல் சிவந்து கொப்புளம் எழும்பியது. நீங்கள் கையை இழுக்கவில்லை. உங்களுக்குத் தெரியவே இல்லை. பிறகு கொப்புளத்தைப் பார்த்ததும், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் நோக்கிவிட்டுக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டீர்கள்.

விரல்கள் மரத்துப்போய் எவ்வளவு காலமாகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த உருளை அடுத்த முறை கொப்புளத்தோடு விடாது என்பது மட்டும் தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்று முழுக்கத் தவித்தாள். மடிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பாள், வாய் வரைக்கும் வரும், உடனே பேருந்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசிவிடுவாள். ஊர்க்கதை எல்லாம் தங்குதடையில்லாமல் வருகிற வாய்க்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை. சொன்னால் நீட்டிப்பு போய்விடும். போய்விட்டால் அக்கா காலையில் எழுந்து எங்கே போவார்? அதைச் சொல்லும்போது அந்த முகம் என்ன ஆகும்? அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் உங்களைப் பார்க்காமலே மேற்பார்வையாளரிடம் போனாள். "சார், அக்கா விரல்ல உணர்ச்சி இல்ல. தயவுசெஞ்சு உருளைகிட்ட விடாதீங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டாள். பிற்பகலில் உங்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நீட்டிப்பு ரத்தானது.

நீங்கள் மடிப்பு மேசைக்கு வந்து அவளெதிரே நின்றீர்கள். நாங்கள் இம்முறை காதைத் தீட்டவில்லை. எங்காவது போய்விடலாம் என்றிருந்தது.

"நீ சொன்னது சரி," என்றீர்கள். "ஆனா முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம். அன்னைக்கு நான் உன்கூட வந்தேன். நீ என்கூட வந்திருக்கலாம். என்னைத் தனியா அனுப்பிட்டியே."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். நீங்கள் விரிப்பைக் கீழே வைத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டீர்கள்.

அதன்பின் வந்த வாரங்கள் எங்களுக்கே கசந்தன. மதிய ஜெபத்தில் நீங்கள் ஒரு கோடியிலும் அவள் மறு கோடியிலும் நின்றீர்கள். அவள் வேறொருவரோடு மடித்த விரிப்பெல்லாம் கோணலாக வந்தது. செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும், செய்த விதம் கோழைத்தனம் என்றும் தெரியும். அக்காவின் கையைக் காப்பாற்றப் போய் அக்காவையே இழந்துவிட்டோமா என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் புலம்பினாள். மன்னிப்புக் கேட்க உங்கள் வீட்டு மாடிப்படி வரைக்கும் வந்து, ஏறாமல் திரும்பிப் போனாள். உங்களோடு போய்வந்த ஞாயிறு ஆராதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். உங்கள் பக்கத்தில் உட்காரவும் முடியாது, தள்ளி உட்காரவும் முடியாது என்பது அவள் சொன்ன காரணம்.

போன ஞாயிறு ஆராதனையில் திருவிருந்தின் அப்பமும் திராட்சைரசமும் பெற எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நீங்களும் நின்றீர்கள். உங்கள் முறை வருவதற்குச் சற்று முன், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள். மனத்தாங்கலோடு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்று வரிசையை விட்டு விலகினீர்கள். பாடகர் குழு பாடிக்கொண்டே வேடிக்கை பார்க்க, கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டீர்கள். உங்களுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று எண்ணி ஒருவர் தண்ணீரோடு ஓடி வந்தாராம். அவருக்கும் பதில் சொல்லாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்திருக்கிறீர்கள்.

ரேடியோ வீட்டுக் கதவைத் திறந்தபோது தலையில் துண்டு கட்டியிருந்தாள். வாசலில் நீங்கள் நின்றீர்கள். உங்களைக் கண்டதும் அவள் கணவர், "டீ போடறேன்" என்று சமையலறைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டார். அவருக்கு டீ போடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியம் எனக்கு இல்லாம போச்சு." அவள் வாசற்படியிலேயே அழத் தொடங்கிவிட்டாள்.

"அந்த முகம் அப்படி இருந்தது என் தப்பு," என்றீர்கள் நீங்கள். "உன்னைத் தைரியமா இருன்னு சொன்னவ, என் கையைப் பையில ஒளிச்சு வெச்சேன். உன்கிட்டயே மறைச்சேன். நீ என்கூட வரலைன்னு கோவிச்சுக்கிட்டேன். எங்க வரணும்னு நான் உனக்குச் சொன்னேனா?"

அதற்குப் பிறகுதான் அவள் உங்களை முழுதாகப் பார்த்தாள். விரிப்பின் ஓரத்தில் ஒரு நூல் பிசகினால்கூடப் பிரித்து மறுபடி மடிக்கிற நீங்கள், சபைக்குப் போட்டுக்கொண்டு போன மேற்சட்டையில் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றாய்க் கோணலாக மாட்டியிருந்தன. கடைசிப் பொத்தான் மாட்டப்படவே இல்லை.

"விடிஞ்சதுலேர்ந்து இதோட போராடிட்டுத்தான் சபைக்குப் போனேன்," என்றீர்கள். "டாக்டர் இனிமே சரியாகிறது சந்தேகம்னுட்டார். எனக்கு யார்கிட்டயும் எதுவும் கேட்டுப் பழக்கமில்ல. கொஞ்சம் போட்டு விடறியா?"

மருத்துவமனை முழுக்கத் துவைத்துக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துத்தரச் சொல்லாத நீங்கள் கேட்டீர்கள். ரேடியோ எல்லாப் பொத்தானையும் கழற்றி, கீழிருந்து ஒவ்வொன்றாய்ச் சரியாக மாட்டிவிட்டாள். மாட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு தலைத்துண்டை உதறிப்போட்டு உங்களோடு புறப்பட்டாள். டீ வந்து சேர்ந்தபோது வீட்டில் குடிக்க ஆள் இல்லை. நீங்கள் இருவரும் சபைக்குத் திரும்பியபோது ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போதகர் உங்கள் இருவருக்காகவும் மறுபடி அப்பத்தை எடுத்து ஜெபித்தார். உங்களால் பிடிக்க முடியாத கிண்ணத்தை உங்கள் உதட்டருகே அவள் பிடித்தாள்.

அன்பிற்கினிய அக்கா! அழுக்குக்கு அஞ்சாத அடக்கமே! உண்மையை உரைத்ததோடு உடன் நடந்தும் வந்த உத்தமமே! தோழியைத் தேர்வது எப்படி என்றும், தோழியாய் இருப்பது எப்படி என்றும் எங்களுக்குக் காட்டினீர்கள். இறுக்கமான முகத்தோடு காட்டினீர்கள் என்பது ஒன்றே குறை. கோபித்துக்கொண்டும் காட்டினீர்கள். கடைசியில், கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்பதையும் காட்டினீர்கள். அதற்காக உங்களுக்கு நாங்கள் நெஞ்சார்ந்த நன்றி உடையோம். இத்தனை காலம் எங்கள் நடுவே உங்களை வைத்த ஆண்டவருக்கும் நன்றி உடையோம்.

உங்கள் நாட்கள் நீள்க! நோய் உங்களை நெருங்கத் தயங்குக! உங்கள் விரல்கள் உணர மறந்ததை, உங்களைச் சூழ்ந்திருக்கும் கைகள் உணர்ந்து உங்களைக் காக்க! உங்கள் வீட்டு மாடிப்படிகளில் காலடி ஓசை குறையாதிருக்க! பாடகர் குழுவில் நீங்கள் இன்னும் பல்லாண்டு பாடுக! மற்றவர்க்குப் பொறுமையை ஆண்டவர் அருள்க!

மடலை இத்துடன் முடித்துக் கையெழுத்திட நாங்கள் வரிசையில் நின்றோம். ரேடியோவின் முறை வந்ததும் பேனாவை அடுத்தவரிடம் தள்ளிவிட்டாள். ஏன் என்று கேட்டோம்.

"இது பிரியாவிடை மடல்தானே? விடை கொடுக்கிறவங்க போடுங்க. நான் நாளைக்குக் காலையில போய் அக்காவுக்குப் பொத்தான் மாட்டிவிட்டுட்டுத்தான் வேலைக்கு வருவேன். நாளன்னைக்கும் போவேன். நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

கொதிகலன் அறைக்காரர்கூட அதற்கு ஒரு அடைமொழியும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்.

இவண்,
உங்களுக்குக் கண்ணீரோடு விடை கொடுக்கும்
சலவைக்கூட ஊழியர் அனைவரும்,
ஒருத்தி நீங்கலாக.